மூட் இல்லாத நாளில் என்ன செய்கிறீர்கள்?

பாதிநோட்டு (இழையைத் தொடங்கியவர்) · ஞாயிறு, இரவு 9:50

நேற்று அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய நோட்டுகள் நான்கு கிடைத்தன. நான்குமே ஜெர்மன் படிக்கப்போகிறேன் என்று வெவ்வேறு வருஷங்களில் வாங்கியவை. முதல் நோட்டில் 14 பக்கம் எழுதியிருக்கிறேன். அடுத்ததில் 9. மூன்றாவதில் 11. கடைசியில் ஆறே பக்கம்.

ஆரம்பப் பக்கங்களைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு நீல மை, வினைக்குச் சிவப்பு, ஸ்கேல் வைத்து அடிக்கோடு. நாலாவது நோட்டின் ஆறாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. ஜெர்மனில் கிளைவாக்கியம் வந்தால் நம் தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். அந்த ஒரு வினைச்சொல்லை மட்டும் எழுதவில்லை. போன் வந்ததோ தூக்கம் வந்ததோ, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மூடி வைத்திருப்பேன். அந்த நாளைக்கு இப்போது இரண்டு வயது.

சோம்பேறி என்று என்னைச் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. 18 வருஷமாக வேலைக்குப் போகிறேன். துளியும் மனசில்லாமல் கிளம்பிய காலைகளுக்குக் கணக்கில்லை, ஆனாலும் கிளம்பியிருக்கிறேன். எனக்காக நானே எடுத்துக்கொண்ட காரியம் என்றால் மட்டும் "இன்னைக்கு மூட் இல்லை" என்ற ஒரு வரி போதும், எல்லாம் நின்றுவிடுகிறது.

நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உத்வேக வீடியோ இணைப்புகள் வேண்டாம், தயவுசெய்து. அதைப் பார்த்துவிட்டுத்தான் நாலாவது நோட்டையே வாங்கினேன்.

---

சும்மாதான் · ஞாயிறு, இரவு 10:05

ஆரம்ப சூரத்தனம். எனக்கும் அதே வியாதிதான், பொருள் மட்டும் வேற. என் வீட்டு உடற்பயிற்சி சைக்கிள்ல இப்ப துண்டு காயுது. இழையைப் பின்தொடர்றேன்.

---

அரைமணி · ஞாயிறு, இரவு 10:31

21 நாள் பல்லைக் கடிச்சிட்டுப் பண்ணுங்க சகோ. அதுக்கப்புறம் தானா வந்துடும். மூளை பழகிடும்னு அறிவியலே சொல்லுது.

---

கணக்கப்பிள்ளை · திங்கள், காலை 7:12

அரைமணி, அந்த 21 நாளுக்குப் பின்னால் இருப்பது பழக்கம் பற்றிய ஆராய்ச்சியே இல்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960-இல் எழுதியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்குத் தன் புது முகம் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று தான் கவனித்ததைச் சொன்னார். "குறைந்தபட்சம்" என்று அவர் சொன்னது வாய் மாறி வாய் வந்ததில் உதிர்ந்துபோனது. முகமும் உதிர்ந்தது. எண் மட்டும் மிஞ்சியது.

நிஜமாகவே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் இருந்தவர்களும். முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. 96 பேர், 12 வாரம். ஆளுக்கு ஒரு சின்னக் காரியம், தினமும் அதே சந்தர்ப்பத்தில் செய்யவேண்டும். யோசிக்காமலே கை போகிற நிலை வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆனால் வீச்சைப் பாருங்கள்: ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254. (ஆய்வே 84 நாள்தான். 254 என்பது வளைகோட்டை நீட்டிக் கணக்கிட்டது. இதையும் யாரும் சொல்வதில்லை.) ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது மாதிரியான காரியம் சீக்கிரம் படிந்தது. உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது.

21 நாள் என்று நம்பி இறங்குகிறவர் 22-ஆம் நாள் காலையில் "இன்னும் கஷ்டமாகத்தானே இருக்கிறது, என்னிடம்தான் கோளாறு" என்று முடிவுகட்டுகிறார். பாதி நோட்டுகள் அங்கேதான் நிற்கின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அதே ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நடுவில் ஒருநாள் தவறினால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

---

இரண்டுமணி · திங்கள், இரவு 11:48

இங்க வாசிக்கிறதோட சரி, எழுதினதில்லை. பாதிநோட்டு கேட்டதைப் படிச்சதும் எழுதத் தோணுச்சு.

அம்மா 14 மாசம் படுக்கையில இருந்தாங்க. தானாப் புரள முடியாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடணும், இல்லைன்னா படுக்கைப்புண் வந்துடும்னு நர்ஸ் சொல்லிட்டுப் போனாங்க. பகல்ல ஆள் உண்டு. ராத்திரி நான். பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலு.

அந்த ரெண்டு மணி அலாரத்துக்கு எனக்கு ஒருநாளும் மூட் இருந்ததில்லை. ஒருநாள்கூட. அலாரம் அடிச்சதும் மனசு பேச ஆரம்பிக்கும். "இப்பதானே திருப்பினே", "அவங்களே தூங்குறாங்க, எதுக்கு எழுப்பணும்", "ஒருதரம் விட்டா என்ன". எல்லாமே நியாயமாத்தான் படும். அது ராத்திரி ரெண்டு மணிக்கு ரொம்ப நல்லா வாதாடும்.

எழுந்து போய் போர்வையை விலக்கி, தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை வெச்சு மெதுவாத் திருப்பி, முழங்கால் நடுவுல தலையணை வெச்சு, குதிகால் மெத்தையில படாமத் தூக்கிவெச்சு, இடுப்பெலும்பு மேல சிவந்திருக்கான்னு டார்ச்ல பாப்பேன். சிவந்திருந்தா விரலால அழுத்தணும். அழுத்தி எடுத்தா வெளுத்து, அப்புறம் சிவப்பு திரும்பினா பரவாயில்லை. வெளுக்காம அப்படியே சிவப்பா நின்னா அது புண்ணோட முதல் கட்டம். எல்லாம் சேர்த்து ஆறு ஏழு நிமிஷம். அம்மா தோள்ல கை பட்டப்புறம் மனசு ஒரு வார்த்தை பேசினதா எனக்கு ஞாபகம் இல்லை. அது பேசினதெல்லாம் அலாரத்துக்கும் கால் தரையில படறதுக்கும் நடுவுல இருக்கிற ஒரு நிமிஷத்துலதான்.

இதுல என் பெருமை ஒண்ணுமில்லை. வேற வழி இல்லை, அதான் செஞ்சேன். ஆனா அம்மா போனப்புறம் டாக்டர் என்னை தினம் அரைமணி நடக்கச் சொன்னார். எனக்கும் சர்க்கரை எல்லையில இருக்கு. 14 மாசம் ரெண்டு மணிக்கு எழுந்தவளால காலையில ஆறு மணிக்கு எழுந்து நடக்க முடியலை. மூணே நாள்.

அப்ப யாராவது காத்துக்கிட்டு இருந்தாத்தான் நமக்கெல்லாம் ஒழுங்கு வருமா? எனக்கே தெரியலை, அதான் கேக்குறேன்.

---

பாதிநோட்டு · செவ்வாய், காலை 6:40

அக்கா, படித்துவிட்டு நேற்று சீக்கிரம் தூங்கமுடியவில்லை. அந்த "ஒரு நிமிஷம்" எனக்கும் அப்படியே தெரியும். நோட்டைத் திறந்தபிறகு நான் ஒருபோதும் அலுத்துக்கொண்டதில்லை. திறப்பதற்கு முன்னால்தான் எல்லா வழக்கும்.

---

எதிர்க்கட்சி · செவ்வாய், பிற்பகல் 1:15

இந்த இழை போகிற திசை எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். "மனசு சொல்வதைக் கேட்காதே, எழுந்து செய்" என்ற பேச்சை நம்பி ஒரு வருஷம் வீணாக்கியவள் நான்.

காலையில் எழ முடியாது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். புத்தகத்தை எடுத்தால் ரெண்டு பக்கத்தில் கண் சொருகும். எனக்கு நானே வைத்த பெயர் சோம்பேறி. வீட்டிலும் அதே பெயர்தான் வைத்தார்கள். மூணு அலாரம் வைத்தேன். தினமும் என்ன செய்தேன் என்று தோழிக்குக் கணக்கு அனுப்பினேன், அனுப்ப முடியாத நாளில் அழுதேன். கடைசியில் வேறு எதற்கோ மருத்துவரிடம் போனபோது அவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 7.9. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்தில் அந்த "சோம்பேறி" காணாமல் போனாள்.

தைராய்டு குறைந்தாலும் இதே கதைதான். மனச்சோர்வு நோயும் அப்படித்தான். பெரும்பாலான நாள், நாளின் பெரும்பகுதி, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மருத்துவரிடம் கேட்கவேண்டிய விஷயம். மூட் என்பது சில நேரம் உடம்பு அனுப்பும் தபால். பிரிக்காமல் கிழிக்கச் சொல்லாதீர்கள்.

---

அரைமணி · செவ்வாய், பிற்பகல் 2:02

நியாயம்தான். ஆனா எது தபால், எது சாக்குன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? எனக்கு ரெண்டும் ஒரே கையெழுத்துல வருது.

---

கணக்கப்பிள்ளை · செவ்வாய், இரவு 8:20

நல்ல கேள்வி. நான் வைத்திருக்கும் சோதனை இது. மருத்துவம் இல்லை, சொந்த அனுபவம் மட்டும்: பத்து நிமிஷம் செய்துவிட்டுக் கேட்பது. ஆரம்பிக்கும் முன் மனசைக் கேட்டால் அது எப்போதும் "வேண்டாம்" என்றுதான் சொல்லும், அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. பத்து நிமிஷம் கழித்து அலுப்பு கலைந்திருந்தால் அது வந்துபோகிற மேகம். பத்து நிமிஷத்துக்குப் பிறகும் உடம்பு இன்னும் கனத்துப்போய், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே என்றால், எதிர்க்கட்சி சொன்ன தபால் அது. பிரித்துப் படியுங்கள்.

இன்னொன்று. தூங்கி எழுந்த உடனே வரும் எண்ணங்களை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. விழித்த பிறகும் மூளை முழுசாகத் தெளியக் கொஞ்ச நேரம் ஆகும். பெரும்பாலோருக்கு அரைமணிக்குள் கலையும், தூக்கம் போதாத நாளில் இன்னும் நீளும். அந்த நேரத்தில் வேலையை விடலாமா, படிப்பை நிறுத்தலாமா என்றெல்லாம் தோன்றும். எழுந்து முகம் கழுவி வந்தால் அந்தத் தீர்மானத்தைப் போட்டவர் யாரென்றே தெரியாது.

எதிர்க்கட்சிக்கு ஒரு விஷயம், மறுப்பாக இல்லை. மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே "முதலில் செயல், பின்னால் மனநிலை" என்ற முறை உண்டு. 1970-களில் பீட்டர் லூவின்சன் போன்றவர்கள் வளர்த்தது. மனசு சரியானபிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், முன்பு மகிழ்ச்சியோ நிறைவோ தந்த சின்னச் சின்னக் காரியங்களை அட்டவணை போட்டுச் செய்யவைப்பார்கள். மனநிலை மெல்லப் பின்னால் வரும்.

---

எதிர்க்கட்சி · செவ்வாய், இரவு 9:05

அது சிகிச்சை தருபவர் பக்கத்தில் உட்கார்ந்து, இவருக்கு இன்றைக்கு எவ்வளவு முடியும் என்று பார்த்து, படிப்படியாகச் செய்யவைப்பது. வாசலில் நின்று "எந்திரி" என்று கத்துவது இல்லை. அந்த வித்தியாசத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். பத்து நிமிஷச் சோதனையும் பரவாயில்லை.

---

பெடல் · புதன், காலை 10:11

நான் வேற மாதிரி விழுந்தவன். செயலி ஒண்ணுல தினமும் பயிற்சி. விடாம 212 நாள். பிரயாணத்துல ஒருநாள் சிக்னல் இல்லை, எண்ணிக்கை பூஜ்யமாயிடுச்சு. அன்னிக்கு விட்டவன் அஞ்சு மாசம் அந்தப் பக்கமே போகலை.

யோசிச்சுப் பார்த்தா, கடைசி நூறு நாள் நான் கத்துக்கவே இல்லை. ராத்திரி 11:55-க்கு ஏதோ ரெண்டு தட்டு தட்டிட்டு எண்ணைக் காப்பாத்திக்கிட்டிருந்தேன். மூடை ஜெயிச்சிட்டேன்னு நினைச்சது பொய். பெருமைங்கிறதும் ஒரு மூடுதானே. அது இறங்கினதும் நானும் இறங்கிட்டேன்.

இப்ப எண்ணுறதில்லை. ஒரே விதி: ஒருநாள் போனாப் போகட்டும், அடுத்தடுத்து ரெண்டு நாள் போகக்கூடாது. மோசமான நாளுக்குன்னு ஒரு குட்டி அளவு, மூணு நிமிஷம்.

---

சும்மாதான் · புதன், காலை 10:30

மன உறுதிங்கிறது பெட்ரோல் டேங்க் மாதிரி, சாயங்காலம் ஆனா காலி ஆயிடும்னு படிச்சேனே? என் டேங்க் ஓட்டைன்னு நினைச்சிட்டிருந்தேன்.

---

கணக்கப்பிள்ளை · புதன், பிற்பகல் 12:45

1998-இல் ராய் பாமைஸ்டர் குழு சொன்னது அது. வெகுகாலம் எல்லோரும் நம்பினோம். 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே முறையில் திரும்பச் செய்து பார்த்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் "என் டேங்க் காலி" என்பதை நிரூபணமான உண்மை போலச் சொல்லிப் படுத்துவிட முடியாது. துண்டை எடுங்கள்.

---

வாக்குமூலம் · புதன், இரவு 10:22

எல்லாரும் படிப்பு, பயிற்சி என்றே பேசுகிறீர்கள். எனக்கு இது வீட்டுக்குள் இருக்கும் விஷயம். கல்யாணமாகி 26 வருஷம். சண்டை போட்டு மூணு நாள் பேசாத காலமும் உண்டு. பேசாத நாளிலும் இவர் ராத்திரி மாத்திரையை எடுத்து டம்ளர் தண்ணீரோடு தலைமாட்டில் வைப்பேன். முகத்தைப் பார்க்கமாட்டேன், டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைப்பேன். ஆனால் வைப்பேன். அவரும் அதே மூணு நாளில் என் போனை மறக்காமல் சார்ஜில் போடுவார். அன்பு பொங்கிய நாளில் இதையெல்லாம் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ஆனால் இளசுகளுக்கு ஒன்று. வாக்கு கொடுத்துவிட்டோம் என்று அடிக்கிற கையைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. என் தங்கை அப்படி இருந்தாள். அதை ஒழுங்கு என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

---

அரைமணி · வியாழன், காலை 8:03

அப்ப எப்ப விடலாம்னு எப்படித் தெரியும் அம்மா? நான் கிடார் கத்துக்கிறேன். அது எனக்கானதுதானான்னு வாரத்துக்கு ஒருதரம் சந்தேகம் வருது.

---

வாக்குமூலம் · வியாழன், காலை 9:40

அடி, அவமானம் இருக்கும் இடத்தில் யோசனையே வேண்டாம், கிளம்பு. மற்றதற்கெல்லாம் என் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். அச்சுக்கோர்க்கும் வேலை, ஈய எழுத்துக்களோடு 31 வருஷம். வேலையை விடுவதென்றால் நன்றாகப் போன நாளில் விடவேண்டும் என்பார். எழுத்துப் பெட்டி கைதவறிக் கொட்டிய அன்றைக்கு விடக்கூடாது, அன்றைக்கு யாருக்கும் விடத்தான் தோன்றும். கிடார் உனக்கு நன்றாக வாசிக்க வந்த ஒரு சாயங்காலம், அப்போதும் "இது வேண்டாம்" என்று தோன்றினால் கவலையில்லாமல் விட்டுவிடு தம்பி.

---

இரண்டுமணி · வியாழன், இரவு 11:30

நல்லாப் போன நாள்ல விடுறது... இதை எழுதி வெச்சுக்கிட்டேன் அம்மா.

நேத்து ஒண்ணு பண்ணேன். காலையில முடியலைன்னு ஏன் அடம் பிடிக்கணும்? எனக்கு இன்னும் ராத்திரி பத்து மணிக்கு விழிப்பு அதிகமாத்தான் இருக்கு, உடம்பு அந்தக் கணக்கை மறக்கலை. அந்த பத்து மணிக்கே செருப்பை மாட்டிக்கிட்டு மாடியில நடந்தேன், 20 நிமிஷம். அம்மாவைத் திருப்புற நேரம் அது. கொஞ்சம் அழுகை வந்துச்சு, பரவாயில்லை.

---

கணக்கப்பிள்ளை · வெள்ளி, காலை 7:30

அக்கா, தெரிந்தோ தெரியாமலோ நீங்கள் செய்திருப்பதைப் பற்றி நிறைய ஆய்வு இருக்கிறது. பாதிநோட்டுக்கும் பிடிக்கும், ஆள் ஜெர்மனிக்காரர்: பீட்டர் கோல்விட்சர். "உடற்பயிற்சி செய்வேன்" என்று பொதுவாகத் தீர்மானிப்பதைவிட "இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், விளைவு சின்னதில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. அந்த ஒரு நிமிஷ வழக்கு நடப்பதே, செய்வதா வேண்டாமா என்று அப்போது முடிவெடுக்க வேண்டியிருப்பதால்தான். முடிவை நேற்றே எடுத்துவிட்டால் இன்றைக்கு மனசு சாட்சி சொல்ல மட்டும் வரலாம், நீதிபதி நாற்காலியில் உட்கார முடியாது. பாதிநோட்டு வேலைக்குக் கிளம்புவதும் அப்படித்தான். "இன்றைக்குப் போகலாமா" என்று 18 வருஷத்தில் ஒருநாளாவது உங்களை நீங்களே கேட்டிருக்கிறீர்களா?

---

பாதிநோட்டு · வெள்ளி, இரவு 9:15

கேட்டதில்லை. இதுநாள் வரை கவனிக்கவும் இல்லை.

சரி, இங்கேயே எழுதிவைக்கிறேன். இரவு பாத்திரம் கழுவிக் கை துடைத்ததும் அதே துண்டோடு மேசைக்குப் போவேன். ஐந்து வாக்கியம். மோசமான நாளில் ஒன்று. புது நோட்டு வாங்கமாட்டேன், நாலாவதிலேயே தொடர்கிறேன். இரண்டு நிற மையும் வேண்டாம், கையில் கிடைக்கிற பேனா.

---

பாதிநோட்டு · ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10:02

கணக்கு ஒப்பிக்க வந்தேன். 49 நாளில் 38 நாள் எழுதியிருக்கிறேன். காய்ச்சலில் மூணு நாள் தொடர்ந்து போயிற்று. பெடல், உங்கள் விதியை அங்கே உடைத்தேன், மன்னிக்கவும். ஒரே வாக்கியத்தோடு எழுந்துபோன நாட்கள் 13. பத்து நிமிஷச் சோதனையில் தோற்ற நாள் ஒன்றுதான், அன்றைக்கு மறுநாளே காய்ச்சல்.

இன்னும் பழகவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டே "இன்னைக்கு வேண்டாமே" என்று தோன்றத்தான் செய்கிறது. தோன்றிக்கொண்டே நாற்காலியை இழுக்கிறேன். கையெழுத்து கோழி கிறுக்கினது மாதிரி இருக்கிறது, அடிக்கோடெல்லாம் வளைகிறது. பக்கம் 31.

---

இரண்டுமணி · ஞாயிறு, இரவு 10:40

இப்பதான் நடந்துட்டு வந்தேன். 31 பக்கமா! அந்தப் பாதியில நின்ன வாக்கியம் என்னாச்சு?

---

பாதிநோட்டு · ஞாயிறு, இரவு 10:52

முதல் நாள் முதல் வேலையே அதுதான் அக்கா. முழு வாக்கியம் இது: நான் இன்று வரவில்லை, "வைல் இஷ் கைனே ட்சைட்..." அங்கே நின்றிருந்தது. எனக்கு நேரமில்லாததால் என்று அர்த்தம். பாக்கி இருந்த வினைச்சொல் "ஹாபே". எழுத ரெண்டு விநாடி ஆயிற்று.